ஐந்து நாள் ஆஸ்பத்திரி

சரவணகுமார் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்திருக்கிறான். பாயைச் சுருட்டுகிறான். அடுப்பில் தண்ணீர் வைத்து, பால் புட்டியைப் பத்து நிமிடம் கொதிக்க விடுகிறான். அந்தப் பத்து நிமிடத்தில் பல் துலக்குகிறான். முப்பது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி பால்மாவு, தலை தட்டி. குழந்தை குடித்து முடித்ததும் தோளில் போட்டு முதுகில் தட்டுகிறான். ஏப்பம் வந்ததும் அம்மாவிடம் கொடுக்கிறான். பிறகு நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இடது கையில் பட்டையைக் கட்டி, பிரஷர் பார்த்துக்கொள்கிறான்.

நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு.

அவனுக்கு வயது இருபத்தெட்டு. பிரஷர் கிடையாது. மிஷின் சரியாகக் காட்டுகிறதா என்றுதான் பார்க்கிறான். சரியாகத்தான் காட்டுகிறது. ஏழு மாதத்தில் ஒரு நாளும் தப்பவில்லை. பட்டையைச் சுற்றி டப்பாவில் வைத்துவிட்டு, குளித்து, கண்டரமாணிக்கத்துக்கு வேலைக்குப் போகிறான்.

அந்த மிஷின் ஒரு சினிமாவில் நடித்தது. அவன் மனைவி ரோகிணியின் கையும் அதே சினிமாவில் நடித்தது. மிஷின் இருக்கிறது. ரோகிணி இல்லை.

நெய்யூரணியில் ஆஸ்பத்திரி கிடையாது. ஊரணி உண்டு. சிவன் கோயில் உண்டு. அறுபது அறைகளோடு பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடுகள் ஒன்பது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் பதினாலு கிலோமீட்டர் தள்ளி. அங்கே கர்ப்பிணிகளைச் செவ்வாய்க்கிழமை பார்ப்பார்கள். காலை எட்டு நாற்பதுக்கு ஒரு மினிபஸ். அதை விட்டால் அடுத்த செவ்வாய். ஊர் நர்ஸ் பாண்டீஸ்வரிக்கு முதலில் ஐந்து ஊர் கொடுத்திருந்தார்கள். பக்கத்து நர்ஸ்கள் இருவர் மாற்றலாகிப் போய் ஆள் போடாததால் பதினாலு ஊர் ஆனது. ஸ்கூட்டி மட்டும் அதே ஸ்கூட்டி.

சரவணகுமார் பி.எஸ்ஸி. கணினி அறிவியல் படித்தவன். கண்டரமாணிக்கத்தில் இ-சேவை மையம் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறான். வருமானச் சான்று, பட்டா மாறுதல், கர்ப்பப் பதிவு. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை மாதம் என்பது சில சமயம் அவள் மாமியாருக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். ரோகிணியையும் அவன்தான் பதிவு செய்தான். கணவர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரை அவன் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“யாரு மாமா இந்தப் பையன்? நல்ல எடமா?”

“விசாரிச்சுட்டு இருக்கேன்.”

“சீக்கிரம் விசாரிங்க. மூணு மாசம் ஆயிருச்சு.”

அவள் எட்டாவது மாதத்தில் இருந்தபோது சினிமாக்காரர்கள் வந்தார்கள். சினிமாக்காரர்கள் வருவது நெய்யூரணிக்குப் புதிது இல்லை. மெய்யநாதன் செட்டியார் சென்னையில் இருந்துகொண்டே தன் வீட்டை ஷூட்டிங்குக்கு விடுகிறவர். அந்த வீடு ஏற்கெனவே இரண்டு முறை ஜமீன் பங்களாவாகவும், ஒரு முறை கோர்ட்டாகவும், மூன்று முறை பேய் வீடாகவும் இருந்திருக்கிறது. இந்த முறை ஆஸ்பத்திரி.

கதை இதுதான். ஒரு ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது. கர்ப்பிணிப் பெண்கள் சாகிறார்கள். கதாநாயகன் சர்க்காரோடு சண்டை போட்டு ஊருக்கு ஆஸ்பத்திரி கொண்டுவருகிறான். அந்த ஆஸ்பத்திரியைக் கட்டுவதற்கு, ஆஸ்பத்திரி இல்லாத ஒரு ஊரைத் தேடி நெய்யூரணிக்கு வந்திருந்தார்கள். உதவி இயக்குநர் முகேஷ் இதை ஊர்க்காரர்களிடம் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஊர் தேர்வானதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் மினிபஸ்ஸை எடுத்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகள் நெரிசலில் தொங்கிக்கொண்டு தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் காட்சி. அதைச் செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள். அதனால் அந்தச் செவ்வாய் ரோகிணியும் இன்னும் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. பஸ் அவர்களைக் கடந்து நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போவது போலப் போய், நாலு தடவை பின்னாலேயே திரும்பி வந்தது. உள்ளே இருந்த கர்ப்பிணிகள் எல்லாருக்கும் வயிற்றில் தலையணை.

“அடுத்த செவ்வா போய்க்கலாம்,” என்றாள் ரோகிணி.

பைக்கில் போகலாம் என்று அவன் சொன்னான். எட்டு மாதக்காரியைப் பைக்கில் ஏற்றக் கூடாது என்று அவன் அம்மா கல்யாணசுந்தரி சொன்னாள். இரண்டும் சரியாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி தயார். தேக்குத் தூண்களை ஒட்டுப்பலகையால் மூடி, பச்சையும் வெள்ளையுமாக அடித்து, ‘அரசு ஆரம்ப சுகாதார நிலையம், நெய்யூரணி’ என்று வாசலில் பெரிய போர்டு மாட்டியிருந்தார்கள். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு கட்டில், வெள்ளை விரிப்பு. ஸ்கேன் மிஷின் தெர்மோகோல். அதற்குள் ஒரு டி.வி., டி.வி.யில் ஒரு பென்டிரைவ். பட்டனை அமுக்கினால் கருப்பு வெள்ளையில் ஒரு குழந்தை கையை ஆட்டும். மாத்திரைகள் எல்லாம் பெப்பர்மின்ட். வாசலில் ஒரு ஆம்புலன்ஸ். அது நிஜமாகவே ஓடக்கூடிய வேன். டிரைவர் பெயர் இராமு.

டாக்டர் வெங்கட்ராமன். அறுபது வயது. முப்பத்தோரு வருடமாகப் படங்களிலும் சீரியல்களிலும் டாக்டராக நடிக்கிறார். பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டுப் போக வேண்டும். இந்தப் படத்தில்தான் முதல்முறையாக அவருக்கு நல்ல வசனம் கிடைத்திருந்தது. ‘தாயும் சேயும் நலம்.’ அதை அவர் மாடிப்படியில் உட்கார்ந்து பல விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வாசலில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். முகேஷ் வெளியே வந்து பார்த்தான்.

“யாருங்க நீங்க? நாங்க ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் கூப்பிடலையே.”

“டாக்டரப் பாக்கணும்,” என்றாள் முதலில் நின்றவள்.

“அம்மா, இது சினிமாம்மா.”

“தெரியும்யா. நாங்க என்ன சினிமா பாக்காதவுகளா? டாக்டரு உள்ள இருக்காருல்ல?”

“இருக்காரு. ஆனா அவரு டாக்டர் இல்ல.”

“பரவால்ல. சும்மாதான இருக்காரு, ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறோம்.”

முகேஷுக்குக் கூட்டம் தேவையாக இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆள் பிடிக்காமல் தானாக வந்த கூட்டம். உள்ளே விட்டான். வெங்கட்ராமன் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாக உட்கார்ந்து ஒவ்வொருவர் சொல்வதையும் முழுக்கக் கேட்டார். இடையில் போன் பார்க்கவில்லை. அடுத்து என்று கூப்பிடவில்லை. கடைசியில், நல்லா சாப்பிடுங்க, நல்லா ஓய்வு எடுங்க என்றார். முப்பத்தோரு வருடத்தில் அவர் மனப்பாடம் செய்த மருத்துவம் அவ்வளவுதான். இப்படிக் காது கொடுத்துக் கேட்ட டாக்டரை நெய்யூரணி அதுவரை கண்டதில்லை. மறுநாள் நாற்பது பேர் வந்தார்கள். கோவிலூரிலிருந்துகூட ஒரு குடும்பம் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தது.

கர்ப்பிணிகள் ஸ்கேன் மிஷினுக்கு வரிசை கட்டினார்கள். எல்லாருக்கும் அதே குழந்தை அதே கையை ஆட்டியது. எல்லாரும் கண் கலங்கினார்கள். ஒருத்தி ரகசியமாக, “ஆணா பொண்ணா?” என்று முகேஷிடம் கேட்டாள். முகேஷ் பதறிப்போனான்.

“அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. சட்டப்படி குற்றம்.”

அந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சட்டம் மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரோகிணியும் போனாள். பின்னால் நிற்கும் கர்ப்பிணிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கல்யாணசுந்தரிதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். முகேஷ் ரோகிணியை மேலும் கீழும் பார்த்தான்.

“வயிறு பத்தலம்மா.”

“எட்டு மாசம் ஆச்சுங்க.”

“உங்களுக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியாதே.”

அவள் வயிற்றுக்கு மேல் ஒரு தலையணையை வைத்துக் கட்டினார்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சரவணகுமாரிடம் காட்டினாள்.

“பாத்தீகளா மாமா? இப்ப ரெட்டப் புள்ள. ஒண்ணு நம்மளது, ஒண்ணு கம்பெனிது.”

அவள் கால்கள் வீங்கியிருந்தன. மெட்டியை அதற்கு முந்தின வாரம் சோப்புப் போட்டுத்தான் கழற்றினார்கள். எட்டு மாதத்தில் கால் வீங்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாருக்கும் வீங்கியிருக்கிறது. வயிறு சின்னது என்று சொன்ன ஒரே ஆள் முகேஷ். அவன் கேமராவுக்காகச் சொன்னான்.

திங்கட்கிழமை கடைசி நாள். அன்று ஒரு முக்கியமான காட்சி பாக்கி இருந்தது. கதாநாயகியின் கையில் டாக்டர் பிரஷர் பார்க்கிறார். முகம் வராது; கையும் மிஷினும் மட்டும் திரை முழுக்கத் தெரிய வேண்டும். எண் ஓடி ஓடி வந்து ஆபத்தான இடத்தில் நிற்க வேண்டும். கதையில் எழுதியிருந்த எண் நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. இதற்காக முகேஷ் காரைக்குடியில் ஒரு கடையில் புது மிஷின் வாங்கி வந்திருந்தான். இயக்குநருக்கு எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும்; கிராபிக்ஸ் ஆகாது. ஆனால் மிஷின் நடிக்க மறுத்தது. கதாநாயகிக்கு நூற்றுப் பத்து காட்டியது. தலையணைக்காரிகளுக்கு நூற்றிருபது. வெங்கட்ராமனுக்கு நூற்று முப்பத்திரண்டு. கல்யாணசுந்தரிக்கு நூற்று நாற்பது. அவளுக்கு அதில் வருத்தம். இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் படத்தில் வந்திருப்பாள். லைட்மேன் ஒருவரை மாடிப்படியில் பத்து தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தார்கள். நூற்று நாற்பத்தாறு.

“என்னய்யா மிஷின் இது, எல்லாருக்கும் நல்லாவே காட்டுது!” என்று இயக்குநர் கத்தினார்.

மணி பதினொன்று ஆகியிருந்தது. ரோகிணி ஓரமாக ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகேஷ் அவளைக் கைகாட்டினான்.

“அந்தம்மாவ ட்ரை பண்ணுங்க சார். கை நல்லாருக்கு.”

தலையணையை அவிழ்த்து வைத்துவிட்டு, பச்சைக் கண்ணாடி வளையல்களை மேலே தள்ளிக்கொண்டு அவள் கையை நீட்டினாள். வெங்கட்ராமன் பட்டையைக் கட்டினார். எண் ஓடியது. ஓடி ஓடி நின்றது.

நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பதினாறு.

வெங்கட்ராமன் எண்ணை உரக்கப் படித்தார். பிறகு மொத்த யூனிட்டும் கை தட்டியது. இயக்குநர் எழுந்து வந்து ரோகிணியைக் கும்பிட்டார். “அம்மா, கையை எடுத்துடாதீங்க. அப்படியே இருங்க. லைட்! லைட்!” பெரிய விளக்குகள் இரண்டைக் கட்டிலுக்கு அருகே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆறு டேக் எடுத்தார்கள். நூற்று எழுபத்தாறு. நூற்று எண்பது. நூற்று எழுபத்தெட்டு. ஒரு தடவைகூட அவள் சொதப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் கை தட்டினார்கள். சரவணகுமாரும் தட்டினான். போனில் படமும் எடுத்தான். மணி பதினொன்றே கால் என்று அந்தப் படத்தில் இருக்கிறது.

அவளுக்குத் தனி நாற்காலி போட்டு, ஹீரோவுக்கு வரும் பிரியாணியில் ஒரு தட்டு கொடுத்தார்கள்.

வெங்கட்ராமன் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சரவணகுமாரிடம் வந்தார். கோட்டு இல்லாமல் அவர் வேறு ஆளாக இருந்தார்.

“தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பி.காம். ஆனா அந்த நம்பர் ஆறு தடவையும் எறங்கலப்பா. ஒரு நெஜ டாக்டர்கிட்ட கேட்டுரு.”

சரவணகுமார் பாண்டீஸ்வரிக்குப் போன் செய்தான். அவர் அன்று சிவகங்கையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். பிரசவத்தில் ஒரு தாய்கூடச் சாகாத மாவட்டமாக ஆக்குவது பற்றிய கூட்டம். வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“சொல்லுங்க தம்பி.”

“சிஸ்டர், ரோகிணிக்கு பிரஷர் நூத்தி எழுபத்தெட்டு காட்டுது.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். குரல் மாறியிருந்தது.

“கீழ எவ்வளவு? யாரு பாத்தது? எந்த மிஷின்ல?”

மூன்று கேள்வி. அவன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னான்.

“இங்க ஷூட்டிங்ல வச்சிருக்காக சிஸ்டர். அந்த மிஷின்ல.”

பாண்டீஸ்வரி மூச்சை விட்டார். பிறகு சிரித்தார்.

“போங்க தம்பி, எனக்கு உசுரே போயிருச்சு. சினிமாக்காரக மிஷின்லயா பாத்தீக? அவுக எத வேணா காட்டுவாக. தல கில வலிக்குதான்னு கேளுங்க.”

அவன் ரோகிணி பக்கம் திரும்பி, “தல வலிக்குதா?” என்றான்.

அவள் வாயில் பிரியாணியோடு சொன்னாள். “இம்புட்டு லைட்ட மூஞ்சில அடிச்சா யாருக்குத்தான் வலிக்காது?”

“லைட்டு வெக்கைனு சொல்லுது சிஸ்டர்.”

“நாளைக்குச் செவ்வாதான? மொத ஆளா கூட்டிட்டு வாங்க. நெசமான மிஷின்ல பாத்துருவோம்.”

சரி என்றான். அவனுக்கும் சிரிப்பு வந்தது. அவன் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் பாண்டீஸ்வரி உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லியிருப்பார். இது பின்னால் அவராகவே சொன்னது.

சாயங்காலம் வெங்கட்ராமன் தன் வசனத்தைப் பேசினார். ஒரே டேக்கில் முடிந்தது. ஆறு மணிக்குப் பேக்கப். கட்டில்கள், தெர்மோகோல் ஸ்கேன், பெரிய விளக்குகள், ஜெனரேட்டர், எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள். இருட்டுவதற்குள் லாரி புதுக்கோட்டை ரோட்டில் போய்விட்டது. வாசலில் போர்டு மட்டும் மிச்சம். ஆம்புலன்ஸ் வேனை இராமு காலையில் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை எட்டு இருபதுக்கு சரவணகுமாரும் ரோகிணியும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். நிறுத்தம் செட்டியார் வீட்டுக்கு நேர் எதிரே. வானம் மூட்டமாக இருந்தது. ராத்திரி பெய்த தூறலில் ரோடு நனைந்திருந்தது. கறுத்துப்போன மேகம், வீட்டு வாசலே மங்கலாகத்தான் தெரிந்தது. ரோகிணி கையில் மஞ்சள் பை, பைக்குள் கர்ப்பிணி அட்டை. அவள் எதிர்ப்பக்கம் பார்த்து ஏதோ சொன்னாள். அவன் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் அவள் மல்லாந்து விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வளையல் உடைந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். எதிரே ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. இராமு வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான்.

“ஏத்துங்கண்ணே! வண்டிதான் டூப்பு, எஞ்சின் நெஜம்.”

சைரனும் நிஜம். காரைக்குடி வரை லாரி, பஸ், மாட்டுவண்டி எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. முக்கில் நின்ற போலீஸ்காரர் எதிர்வண்டிகளை நிறுத்திக் கையசைத்தார். சரவணகுமார் ஆக்சிஜன் சிலிண்டரின் திருகாணியைத் திருகிக்கொண்டே வந்தான். அது பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் குழாய். தெரிந்தும் திருகினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பத்தே நிமிடத்தில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குமுன் ஒரு பெண் டாக்டர், முன்னால் எப்போதாவது பிரஷர் பார்த்ததுண்டா என்று கேட்டார். அவன் போனைக் காட்டினான். டாக்டர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். எண்ணுக்குப் பின்னால் கிளாப் பலகை தெரிந்தது. டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார்.

பெண் குழந்தை. ஒரு கிலோ நானூறு. பிழைத்துக்கொண்டது. ரோகிணி கண் திறக்கவில்லை. வியாழக்கிழமை காலை இறந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வெங்கட்ராமன் பஸ் பிடித்து வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு சரவணகுமார் எதிரில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். தலையை இடமும் வலமும் ஆட்டினார். அது பழக்கத்தில் வந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்து, கண்ணாடியை அவசரமாகப் போட்டுக்கொண்டார்.

அதே வாரம் இராமு ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான்.

“முகேஷ் சார் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாருண்ணே. இனிமே படத்துக்குத் தேவைப்படாதாம்.”

சரவணகுமார் அதை அன்றே கட்டிப் பார்த்தான். நூற்றுப் பதினெட்டு. பாண்டீஸ்வரி தன்னுடைய சர்க்கார் மிஷினையும் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டையும் இரண்டு கையில் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு புள்ளி வித்தியாசம். சர்க்கார் மிஷின்தான் கூடக் காட்டியது. பாண்டீஸ்வரி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் விசாரணைக்கு அதிகாரி வந்தார். பெயர் சத்தியமூர்த்தி. தன்மையான மனிதர். பிரசவத்தில் தாய் இறந்தால் வீட்டுக்கு வந்து விசாரித்து, டேப்லெட்டில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கல்யாணசுந்தரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாண்டீஸ்வரி கதவோரம் நின்றார்.

“கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?”

“அதுக்கு முந்துன நாள். பதினொன்னே காலுக்கு.”

“எங்க?”

“ஆஸ்பத்திரில.”

“அரசா, தனியாரா?”

“வாசல்ல அரசுன்னு போட்டிருந்துச்சு சார். சினிமா ஆஸ்பத்திரி.”

சத்தியமூர்த்தி டேப்லெட்டைப் பார்த்தார். “அப்படி ஒண்ணு இதுல இல்லையே தம்பி.”

“கீழ தள்ளுங்க சார். ‘இதர’னு ஒண்ணு இருக்கும்.” படிவங்கள் அவன் தொழில்.

“இருக்கு. ஆனா நிலையத்தோட குறியீட்டு எண் கேக்குதே.”

“அதுக்கு எண் கிடையாது சார். அஞ்சு நாள்தான் இருந்துச்சு.”

நாலைந்து எண் போட்டுப் பார்த்தார். எதையும் வாங்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் தனியார் என்று அமுக்கினார். அது வாங்கிக்கொண்டது.

“அடுத்தது, தாமதம். மூணு வகை இருக்கு. வீட்டுல ஆபத்தப் புரிஞ்சுக்கத் தாமதம். போறதுக்கு வண்டி கிடைக்கத் தாமதம். போன எடத்துல வைத்தியம் கிடைக்கத் தாமதம். இது யார் மேலயும் குத்தம் சொல்றதுக்கு இல்ல தம்பி. சும்மா ஒரு கணக்குக்கு.”

“மொதலாவது போடுங்க சார். நாந்தான் கை தட்டுனேன்.”

“சார்,” என்றார் கதவோரம் நின்ற பாண்டீஸ்வரி. “நான் சிரிச்சேன். அதுக்கு எங்கிட்டு டிக் அடிக்கிறது?”

சத்தியமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த கேள்வியைப் படித்தார்.

“நினைவு தப்புறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சொன்னாங்களா?”

கல்யாணசுந்தரி முந்திக்கொண்டாள். “‘அத்தே, எம்புள்ளய நல்லாப் பாத்துக்கங்க’ன்னுச்சுய்யா. அதான் அது கடைசியாப் பேசுனது.” அவள் அன்று பஸ் நிறுத்தத்தில் இல்லை. வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். இருந்தும் ஊர் முழுக்க அதைத்தான் சொல்லியிருந்தாள். சொல்லிச் சொல்லி அது அவள் காதில் விழுந்ததாகவே ஆகிவிட்டது. முகேஷ் ஒரு டி.வி. பேட்டியில், அந்த அம்மா போவதற்குமுன் இந்தப் படம் நல்லா ஓடணும் என்று வாழ்த்தினார் என்று சொன்னது பின்னால் நடந்தது. படம் ஓடியது. சரவணகுமார் காரைக்குடியில் ஒரு தடவை பார்த்தான். அவள் கை மூன்று விநாடி வருகிறது. கையில் பச்சை வளையல். அடுத்த காட்சியில் கதாநாயகிக்குச் சிவப்பு வளையல். யாரும் கவனிக்கவில்லை. தாயும் சேயும் நலம் என்றபோது தியேட்டரில் விசில் அடித்தார்கள்.

சத்தியமூர்த்தி சரவணகுமார் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான கூட நின்னீங்க? கண்ணு மங்குது, தலை வலிக்குதுன்னு எதாவது சொன்னாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க வேண்டியதில்லை. எட்டு இருபது. மூட்டம். எதிரே பூட்டிய வீடு, ஈரமான போர்டு, வாசலில் சும்மா நின்ற வேன். ஒரு விளக்கு இல்லை. அவள் மஞ்சள் பையைக் கண்ணுக்கு மேல் தூக்கி மறைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“மாமா, எம்புட்டு லைட்டு பாருங்க. அதான் படம் எடுத்து முடிச்சாச்சுல்ல, அணைக்கச் சொல்லுங்க அவுகள.”